அண்ணன் சொன்ன பாடம், தோழன் திருத்திய பாடம்

தூத்துக்குடி நகரின் வடக்குப் புறத்தை ஒட்டி அமைந்துள்ளது மாப்பிள்ளையூரணி. ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கங்களில் உப்பளங்களும் குடியிருப்புகளும். இப்பகுதியில் கோயிலும் மாதா கோவிலும் பள்ளிவாசலும் அருகருகே உள்ளன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்புக்குச் சிறுவர் சிறுமியர் கூடுவதை இக்கரையோர ஊர்கள் எதிலும் நீங்கள் காணலாம். காலையிலோ மாலையிலோ மக்தபுக்குச் செல்லும் பிள்ளைகள் திருக்குர்ஆனை ஓதும் ஒலியையும் கேட்கலாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? மறைக்கல்வியில் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் போலவே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிள்ளைகளைப் பிரித்து அமர்த்துகிறார்கள். குர்ஆனை மனனம் செய்யும் மதரசாவிலோ ஆறு வயதுச் சிறுவனும் பதினைந்து வயது இளைஞனும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பார்கள். அவனவனுக்கு அவனவன் பாடம்.

ஒரே வயதினர் சேர்ந்து கற்பது நல்லதா? பல வயதினர் கலந்து கற்பது நல்லதா? இது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. ஒரு பிள்ளை, "எனக்குப் படிப்பு வராது" என்று தன்னைப் பற்றித் தானே தீர்ப்புக் கூறிவிடுவதும் விடாததும் சில வேளைகளில் இந்த ஏற்பாட்டைப் பொறுத்தே அமைகின்றன. இந்தக் கேள்விக்கு உதவும் சோதனைகள் சில நம் நாட்டிலேயே, அதிலும் இந்த முத்துக்குளித்துறைக் கரையிலேயே, நெடுங்காலத்துக்கு முன்பு நடந்துள்ளன. அவற்றை முதலில் பார்ப்போம்.

மணியோசையும் பிள்ளைகளும்

1542-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பரதவ மக்கள் திரளாகக் கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்திருந்தார்கள். ஆனால் புதிய சமயத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. வந்த சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. முத்துக்குளித்துறை நெடுகிலும் பல ஊர்கள், ஆசிரியரோ ஒருவர், அவருக்கும் மொழி தெரியாது. இந்த நிலையில் என்ன செய்வது?

தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்களைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் முதலியவற்றை அவர் தமிழில் எழுதச் செய்தார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். நாளுக்கு இருமுறை பாடம் நடந்தது. இதையெல்லாம் அவரே 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறித்திருக்கிறார்.

அக்கடிதத்தில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கற்றுக்கொண்டதை வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளுக்கு அவர் ஏற்பாடு செய்தார். நோயாளிகளைப் பார்த்துச் செபம் சொல்லவும் பிள்ளைகளை அனுப்பினார். ஓர் ஊரை விட்டுச் செல்லும்போது செபங்களின் பிரதி ஒன்றை அங்கே வைத்துவிட்டு, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுத்து மனனம் செய்யவும் சொன்னார். ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து அவ்வேலையைத் தொடரச் செய்தார்.

இங்கே நடந்தது என்ன? இளையவர் ஆசிரியர் ஆனார். மூத்தவர் மாணவர் ஆனார். ஒரு குழந்தை ஒரு வீட்டுக்குச் சொன்னது. ஒரு வீடு ஒரு தெருவுக்குச் சொன்னது. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போன்ற இந்த முறையில் ஓர் ஆசிரியரின் குரல் பல ஊர்களுக்குச் சென்றது. சொல்லிக்கொடுத்த குழந்தைக்கும் இலாபம் உண்டு. ஒரு முறை கேட்டதை நான்கு முறை சொன்னபோது அது அதன் நெஞ்சில் நிலைத்துவிட்டது.

குறையும் இருந்தது. சொல் பரவியது, பொருள் அதே வேகத்தில் பரவவில்லை. மனப்பாடம் செய்தவர் எல்லாரும் பொருள் அறிந்தார் என்று சொல்ல முடியாது. அவருக்குப் பின் இக்கரையில் பணியாற்றிய அன்றீக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கிய நூலே. மறு ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' வினா விடை நடையில் அமைந்தது. ஒப்பிப்பதோடு நில்லாமல் கேட்டுப் பதில் சொல்லிப் பழக வேண்டும் என்ற தேவை அப்போதே எழுந்துவிட்டது என்பதை இது காட்டுகிறது.

கோயில் முகப்பில் நால்வர்

இனி, கலந்த வயதுக்கு மாறான ஒரு காட்சி. 1623-ஆம் ஆண்டு. இடம், இன்றைய கர்நாடக மாநிலத்தின் மேற்குப் பகுதி. இத்தாலி நாட்டுப் பயணி பியேத்ரோ தெல்லா வாலே, பயண மூட்டைகள் ஆயத்தமாகும் வரை ஒரு கோயிலின் முகப்பு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே நான்கு சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைப் பரப்பிக் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாடத்தை இராகத்தோடு சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதுவான். மற்ற மூவரும் அதையே பாடி எழுதுவார்கள். இடம் நிரம்பினால் புதுமணலைத் தூவிக்கொண்டு மேலே தொடர்வார்கள். அருகில் ஆசிரியர் இல்லை.

பயணிக்கு வியப்பு. மறந்துபோனால் யார் திருத்துவார் என்று கேட்டார். நால்வருக்கும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் மறதி வராது. ஒருவன் விட்டதை இன்னொருவன் எடுத்துக்கொடுப்பான் என்ற பொருளில் சிறுவர்கள் பதில் சொன்னார்கள்.

எவ்வளவு நுட்பமான பதில்! நால்வரும் ஒரே பாடத்தைக் கேட்டவர்கள். அவர்களுள் அண்ணனும் இல்லை, சட்டாம்பிள்ளையும் இல்லை. ஒருவன் பிழையை மற்றொருவன் அச்சமின்றிச் சுட்டிக்காட்டலாம். ஒத்தவர்கள் சேர்ந்து கற்பதன் வலிமை இதுதான்.

ஆக, நம் முன்னே இரண்டு மாதிரிகள் நிற்கின்றன. முத்துக்குளித்துறையில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னார். கோயில் முகப்பில் ஒத்தவர் ஒத்தவரைத் திருத்தினார். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எழும்பூரில் எட்டு வயது ஆசிரியர்

நம் ஊர்களின் திண்ணைப் பள்ளிகளில் இரண்டு மாதிரிகளும் கலந்திருந்தன. மணலில் எழுத்து எழுதும் சிறுவன் முதல் நிகண்டு படிக்கும் இளைஞன் வரை ஒரே திண்ணையில் இருப்பார்கள். வாத்தியார் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். அவர்களுள் ஒருவன் சட்டாம்பிள்ளை. அவன் சின்னவர்களைக் கவனித்துக்கொள்வான். சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் பதிவாயினர். இத்தனை பள்ளிகளையும் ஒற்றை ஆசிரியர்கள் பெரும்பாலும் நடத்த முடிந்ததற்குச் சட்டாம்பிள்ளை ஒரு காரணம்.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியாரும் இப்படித்தான் தமிழ் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 24. சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். கலந்த வயது வகுப்புக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஒரு நாள் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர் அது நடவாது என்று சொல்லிவிட்டார். பெல் சோர்ந்துவிடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்துக் கடைசி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவரால் முடியாதது சிறுவனால் முடிந்தது.

இங்கிலாந்து திரும்பிய பெல் 1797-இல் இம்முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றது. அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அதை ஒத்த முறையில் பள்ளி நடத்தினார். ஆங்கிலத் திருச்சபையார் பெல்லைப் பின்பற்றினர். அத்திருச்சபையைச் சேராத கிறிஸ்தவர்கள் லங்காஸ்டரைப் பின்பற்றினர். முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று இரு சாராரும் வாதிட்டனர். மணலில் எழுதிய நம் திண்ணைச் சிறுவன் அந்த வாதத்தில் மறக்கப்பட்டான்! ஆனால் பெல்லின் சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள பள்ளி இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

சட்டாம்பிள்ளைக்கு யார் சொல்லித்தருவது?

இத்துணைப் புகழ் பெற்ற முறை நிலைத்ததா? இல்லை. 1840-களிலேயே இங்கிலாந்தில் அதன்மீது நம்பிக்கை குறைந்தது. 1846-இல் அரசு வேறொரு திட்டத்தை ஏற்படுத்தியது. பயிற்சி பெறும் இளைஞர்களை ஊதியம் கொடுத்து ஆசிரியரின் கீழ் அமர்த்துவது அத்திட்டம்.

சரிந்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, பத்து வயதுப் பிள்ளையால் எழுத்தையும் வாய்பாட்டையும் ஒப்பிக்கச் செய்ய முடியும். "ஏன்?" என்று கேட்கும் மாணவனுக்கு விளக்கம் தர முடியாது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நாள் முழுவதும் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டாம்பிள்ளைக்குத் தன் பாடத்தைப் படிக்க நேரமில்லை. அவனை மாணவனாகக் கருதாமல் சம்பளமில்லாத ஆசிரியனாகக் கருதியதே அம்முறையின் பிழை.

இது பழங்கதை அன்று. தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்தபடி படிப்பை நழுவவிட்ட மூத்த பெண் பிள்ளைகளை நம் தெருக்களில் நீங்கள் அறிவீர்கள். வீட்டில் நடந்தாலும் வகுப்பில் நடந்தாலும் அது அதே பிழைதான்.

ஒரே வயது வகுப்பு எப்போது வந்தது?

பிறந்த ஆண்டைப் பார்த்து வகுப்பில் சேர்ப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பரவலானது சுமார் இருநூறு ஆண்டுகளுக்குள்தான். சவேரியாரின் இயேசு சபையார் 1599-இல் வகுத்த கல்வித் திட்டத்தில் வகுப்புகள் உண்டு. ஆனால் அவை அறிவின் படிகள். வயதின் படிகள் அல்ல. ஒரு படியை முடித்தவன் மேலே போகலாம். அங்கும் பத்துப் பேருக்கு ஒரு மாணவத் தலைவன் இருந்து பாடம் கேட்டான்.

பிரஷ்ய நாட்டுப் பள்ளிகளை 1843-இல் பார்த்து வந்த அமெரிக்கர் ஹோரஸ் மான் அங்குள்ள வகுப்பு முறையைப் புகழ்ந்து எழுதினார். 1848-இல் பாஸ்டன் நகரில் வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியர் என்ற பள்ளி திறக்கப்பட்டது. தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகிய காலம் அது. பெருந்தொகையான பிள்ளைகளைச் சேர்க்கவும், பாடநூல் அச்சிடவும், தேர்வு நடத்தவும் இம்முறை வசதியாக இருந்தது. அதே 1848-இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவப் பிள்ளைகளுக்காகப் படிப்படியாக உயரும் பாலபாட நூல்களை எழுதி அச்சிட்டார். இவ்வாறு படிமுறைப் பாடம் நம் சமயக் கல்விக்குள்ளும் வந்தது.

வயது வகுப்பிலும் வயது ஒன்றாக இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சேர்க்கைக்குரிய நாளை ஒட்டிப் பிறந்த இரு பிள்ளைகளுக்கு இடையே ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு இருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஓராண்டு என்பது அதன் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு! தொடக்க வகுப்புகளில், வகுப்பில் மூத்த பிள்ளைகள் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் பெறுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. வளர வளர இவ்வேறுபாடு குறைகிறது. அதற்குள் "மந்தமானவன்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது?

உளவியல் கூறுவது என்ன?

1896-இல் பிறந்த இரு அறிஞர்கள் இதை ஆராய்ந்தனர். ஒருவர் ருஷ்யாவின் வைகாட்ஸ்கி. மற்றவர் சுவிட்சர்லாந்தின் பியாஜே.

ஒரு குழந்தை தானாகச் செய்யக்கூடியது ஓர் அளவு. தன்னைவிடத் தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியது அதைவிடக் கூடுதல் அளவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் கற்றல் விரைவாக நடக்கும் என்றார் வைகாட்ஸ்கி. நீச்சல் பழகும் சிறுவனின் வயிற்றுக்குக் கீழே அண்ணன் கை தாங்குகிறது அல்லவா? அந்தக் கை நிற்கும் இடமே அப்பகுதி. அண்மையில் கற்றவனுக்குத் தான் எங்கே தடுமாறினோம் என்பது மறந்திருக்காது. அதனால்தான் பேராசிரியர் சொல்லிப் புரியாதது அண்ணன் சொல்லிப் புரிகிறது. எழும்பூர்ச் சிறுவனின் வெற்றிக்கும் இதுவே விளக்கம்.

பியாஜே வேறொன்றைக் கண்டார். பெரியவர் சொன்னால் குழந்தை ஏற்றுக்கொண்டு போய்விடுகிறது. தன்னை ஒத்தவன் சொன்னாலோ, "அது எப்படி?" என்று எதிர்த்துக் கேட்கிறது. அந்த வாக்குவாதத்தில்தான் சொந்தமாகச் சிந்திக்கும் பழக்கம் வளர்கிறது. கோயில் முகப்பில் இருந்த நால்வருக்கு இது பொருந்தும். யூதர்கள் தம் சமய நூல்களை இருவர் இருவராக அமர்ந்து உரக்க விவாதித்துக் கற்பதற்கும் இது பொருந்தும்.

எனவே, "எது நல்லது?" என்ற கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு எது ஏற்றது? ஓதல், பண், எழுத்து, வாய்பாடு, வலை பின்னல் போன்றவற்றில் சரியான வடிவம் ஒன்று உண்டு. தெரிந்தவரைப் பார்த்துச் செய்து பழக வேண்டும். இங்கே கலந்த வயது சிறக்கும். ஒரு கதையின் பொருள் என்ன, இந்தச் செயல் நியாயமா, இந்தக் கணக்குக்கு வேறு வழி உண்டா என்பன போன்ற கேள்விகளுக்கு வாதிட வேண்டும். இங்கே ஒத்தவர் குழு சிறக்கும்.

நம் நாட்டுச் சோதனைகள்

1939-இல் சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி அம்மையார் இந்தியாவுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளை ஒரே கூடத்தில் வைப்பது அவரது முறை. அப்போதைய சித்தூர் மாவட்டத்தின் ரிஷி பள்ளத்தாக்கில், பல வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பாட அட்டைகள் உருவாக்கப்பட்டன. அம்முறையைத் தழுவி, செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007 முதல் தமிழகத்தின் தொடக்கப் பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை ஏணிப்படியில் தன் இடத்தைத் தானே பார்த்துக்கொண்டு முன்னேறும். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் வகுப்புக்குள்ளேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரிக்கப்பட்டன.

வடோதராவிலும் மும்பையிலும் 2001 முதல் 2003 வரை நடந்த ஒரு சோதனையும் குறிப்பிடத்தக்கது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து, அவர்கள் இருந்த படியிலிருந்தே அதே பகுதியைச் சேர்ந்த இளம் பெண்கள் கற்பித்தார்கள். பின்தங்கியவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. வகுப்பு எண்ணைவிடப் பிள்ளை நிற்கும் படியே முக்கியம் என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் ஊருக்குத் திரும்புவோம்

பள்ளியை இடையில் விட்டு மீண்டும் வந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். கல்வி உரிமைச் சட்டம், 2009, அவனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தரச் சொல்கிறது. ஒத்த வயதினர் நடுவே இருப்பதால் அவன் மானம் காக்கப்படும். ஆனால் பயிற்சி கிடைக்காவிட்டால் பாடம் தலைக்கு மேலே போகும். சின்னஞ்சிறார் வகுப்பில் அமர்த்தினால் பாடம் புரியும். ஆனால் நாணத்தால் மறுநாள் வரமாட்டான்.

கலந்த வயதுக் கூடம் இந்தச் சிக்கலை ஓரளவு தீர்க்கிறது. மனன மதரசாவில் எவனும் "பின்தங்கியவன்" இல்லை. தன் பாடத்தை நடத்திக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். மறைக்கல்வியிலும் தேவார வகுப்பிலும் வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கலந்த வயதுக்கு ஒதுக்கலாமே! பதின்மூன்று வயதுச் சிறுவன் ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரும்போது, தானும் எழுத்துக் கற்கிறான். அதில் அவனுக்கு நாணம் இல்லை. அவன் அங்கே தோற்றவன் இல்லை, அண்ணன்.

ஆனால் இரண்டு காவல்கள் வேண்டும். இன்று மூத்த பிள்ளைக்கு என்ன புதிய பாடம் கிடைத்தது? தன்னை ஒத்தவனோடு வாதிட அவனுக்கு நேரம் கிடைத்ததா? இவ்விரண்டு கேள்விகளையும் நாள்தோறும் கேட்கும் ஆசிரியர் இருந்தால் சட்டாம்பிள்ளை முறையின் பழைய பிழை மீண்டும் நேராது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். நேற்றுப் படித்த கணக்கு ஒன்றைத் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக்கொடுங்கள். எந்த இடத்தில் உங்கள் விளக்கம் தடைப்படுகிறதோ, அந்த இடம் உங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்று பொருள். அதைக் குறித்துக்கொண்டு போய் வகுப்புத் தோழனோடு விவாதியுங்கள். விடை கிடைத்ததும் மீண்டும் தம்பியிடம் வாருங்கள். இப்போது உங்கள் இருவருக்கும் அந்தக் கணக்கு தெரியும்.